ரெக்கார்டு நோட்டும் ஜேசிபியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஊர்ல இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. அதைப் பார்த்ததுல இருந்து வயிறு எரியுது, அதான் இந்தப் பதிவு. கோபத்துல எழுதறதால நீளமா போகும், முன்னாடியே சொல்லிடறேன். மொக்கைன்னு தோணினா பாதியிலயே கிளம்பிடலாம், வருத்தப்பட மாட்டேன். (கொஞ்சம் படுவேன்.)

போட்டோவுல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு 'பசுமை வளாகம்'னு ஒரு ஷீல்டு குடுக்கறாங்க. பொன்னாடை, மாலை, பின்னாடி ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸ்ல ஒரு புலி, ஒரு யானை, ஒரு பஞ்சவர்ணக்கிளி. பஞ்சவர்ணக்கிளி இருக்கறது தென் அமெரிக்காவுல. எங்க ஊர் இருக்கறது விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல. சரி, அது டிசைன் பண்ணின பையன் தப்பு, விடுங்க.

பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லப் போறதில்லை. ஷீல்டு குடுத்தவங்க பேரையும் சொல்லப் போறதில்லை. அரசுப் பள்ளியா தனியாரான்னு அனானியா வந்து கேட்காதீங்க, ரெண்டுலயும் இதே கதைதான். நான் சொல்ல வந்தது அந்த ஷீல்டு வாங்கின வளாகத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னுதான். அது மொத்தமா ஒரு பதினஞ்சு பேருக்குத்தான் தெரியும். அதுல பெரியவங்க மூணே பேர்: நான், பி.டி. சார், சத்துணவு சமைக்கிற அக்கா. மத்தவங்க எல்லாம் அப்ப ஏழாவது படிச்சுக்கிட்டிருந்த புள்ளைங்க.

2023 ஜூலையில என் அக்கா பொண்ணு ஒரு அசைன்மென்ட்டோட வந்தா. 'நம் பகுதியில் வாழும் உயிரினங்கள்', பத்துப் பக்கம், படத்தோட. நான் ஊருக்குப் போயிருந்த சனிக்கிழமை. கையில கடையில வாங்கின பத்து ரூபா சார்ட். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பென்குவின், டால்ஃபின். வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கா.

"ஏய், பென்குவின் எங்கடி இருக்கு நம்ம பகுதியில?"

"எல்லாரும் இதைத்தான் மாமா ஒட்டறாங்க. மிஸ் கோட்டு போட்டுக் குடுத்துடுவாங்க."

அதுதானே! நாம மட்டும் என்ன பண்ணினோம்? ப்ளஸ் டூ தாவரவியல் ரெக்கார்டு நோட் ஞாபகம் இருக்கா மக்களே? சீனியர் நோட்டைப் பார்த்து நாம வரைவோம், நம்ம நோட்டைப் பார்த்து ஜூனியர் வரைவான். மைக்ரோஸ்கோப்புல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என்னோட கண் இமை மட்டும்தான். ஆனா நோட்டுல நான் வரைஞ்ச இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் புத்தகத்துல இருக்கறதை விட அழகா இருக்கும். இயற்பியல் லேப்ல இன்னும் மோசம். விடை எவ்வளவு வரணும்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, அதுல இருந்து பின்னாடி போய் ரீடிங் எழுதுவோம். அதுக்குப் பேரு 'ரெக்கார்டு'. பார்க்காததைப் பார்த்ததா எழுதறதுக்கு வருஷக் கணக்கா ட்ரெயினிங் குடுத்து, மார்க்கும் போட்டு, அப்புறம் இந்த நாட்டுல ஏன் ஆராய்ச்சி வளரலைன்னு கருத்தரங்கம் வேற நடத்தறோம்.

அன்னிக்கு அவகிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். சார்ட்டைத் தூக்கிப் போடு, உங்க ஸ்கூல் பின்னாடி போய்ப் பாரு, கண்ணால பார்த்ததை மட்டும் எழுது, தேதி போடு, பேரு தெரியலைன்னா 'தெரியலை'ன்னு எழுது. அவ்வளவுதான். இதுக்கு மேல என்னோட பங்களிப்பு பெருசா ஒண்ணும் இல்லை. நான் பொட்டி தட்டறவன், எனக்கு மைனாவுக்கும் தவிட்டுக்குருவிக்குமே அப்ப வித்தியாசம் தெரியாது.

அந்தப் பின்பக்கத்தைப் பத்திச் சொல்லணும். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி இருபது சென்ட் இருக்கும். ஒரு வேப்பமரம், சுவத்தோரம் ரெண்டு கொடுக்காப்புளி, நடுவுல எருக்கு, ஆமணக்கு, துத்தி, தும்பை, குப்பைமேனி. பாத்திரம் கழுவற தண்ணி ஓடி வந்து தேங்கற ஒரு குழி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பனைமரம். யார் பார்த்தாலும் 'புதர்'னு சொல்ற இடம்.

அசைன்மென்ட் ஒரு வாரத்துல முடிஞ்சுபோச்சு. (பத்துக்கு ஆறு மார்க். படம் ஒட்டலையாம்.) நோட்டு மட்டும் முடியலை. மதிய சாப்பாட்டு இடைவேளையில ரெண்டு பேரு, அப்புறம் அஞ்சு பேரு, அப்புறம் பத்துப் பன்னெண்டு பேரு. நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு, சத்துணவுக் கொட்டகையில ஒரு ஆணியில தொங்கும். பேனா கட்டித் தொங்கவிட்டது சத்துணவு அக்கா. அந்த அக்காதான் இந்தக் கூட்டத்துக்கு ஒரிஜினல் வாத்தியார். 'காக்கா மாதிரி, ஆனா முதுகு செங்கல் கலர், தரையில நடக்குது, கண்ணு சிவப்பு'ன்னு புள்ளைங்க எழுதி வெச்சதைக் கேட்டுட்டு, "அது செம்போத்துடி"ன்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னவங்க. நான் சென்னையில உட்கார்ந்துக்கிட்டு கூகிள்ல அரைமணி நேரம் தேடினேன்.

முதல் மூணு மாசம் தப்பு நிறைய. வளைஞ்ச மூக்கோட எது பறந்தாலும் 'கழுகு'. குட்டியா எது இருந்தாலும் 'சிட்டுக்குருவி'. ஒருத்தன் அணிலைப் பார்த்துட்டு மரநாய்னு எழுதினான். ஆனா தப்பை அடிச்சுட்டுப் பக்கத்துலயே சரியானதை எழுதினாங்க, ரப்பர் வெச்சு அழிக்கலை. பேனாங்கறதால அழிக்க முடியலைங்கறதுதான் நிஜம், இருந்தாலும் நல்ல பழக்கம். பதிமூணு மாசத்துல பறவை 41, பட்டாம்பூச்சி 19, தட்டான் 5, ஓணான் பாம்பு வகையறா 7, தவளை தேரை 3, அணில் கீரி வௌவால் 3, செடிகொடி 34. 'பேர் தெரியலை' 11.

இப்ப நான் வாங்கின பல்பைச் சொல்றேன்.

எருக்கஞ்செடியில வெந்தய வரியன்னு ஒரு பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். எல்லா ஊர்லயும் இருக்கு, நீங்களும் பார்த்திருப்பீங்க: ஆரஞ்சு கலர், ஓரத்துல கறுப்பு, முன்னிறக்கை நுனியில வெள்ளைப் பட்டை. புழு எருக்கம்பால் இருக்கற இலையைத் தின்னு வளர்றதால அந்த விஷம் உடம்புலயே தங்கிடும். ஒரு தடவை கொத்தின பறவை மறுபடி அந்தப் பக்கம் வராது. இவ்வளவும் நான் படிச்சு வெச்சிருந்தேன், தெரிஞ்ச ஒண்ணு ரெண்டை வெச்சு மாமா சீன் போடணும் இல்லையா. 2023 நவம்பர்ல, மழை பெஞ்சு தரையெல்லாம் பச்சைப் பிடிச்சிருந்த நேரம், அக்கா பொண்ணு போன் பண்ணினா.

"மாமா, வெந்தய வரியன் பொண்ணுக்கு மாப்பிள்ளை கறுப்பு. நாலு வெள்ளைப் புள்ளி இருக்கு. ரெண்டும் ஜோடியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"இல்லடி, அதுல ஆணும் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேற எதையோ பார்த்திருப்பீங்க."

"நாங்க பார்த்ததைத்தான் மாமா எழுதியிருக்கோம். அப்புறம் இது எருக்குல முட்டை வைக்கலை. கீழ பருப்புக்கீரையில வைக்குது."

நான் நம்பலை. சின்னப் புள்ளைங்க, என்னத்தைப் பார்த்துச்சோன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஊருக்குப் போனப்ப பிடிவாதமா இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவங்க சொன்னதுதான் சரி. அது வெந்தய வரியனே இல்லை. டனாய்ட் எக்ஃபிளைன்னு வேற ஒரு பட்டாம்பூச்சி. அதோட பெண், விஷமுள்ள வெந்தய வரியன் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுத் திரியும், பறவைங்க ஏமாந்து விட்டுடும். ஆண் மட்டும் கறுப்பு, வெள்ளைப் பொட்டோட. பின்னிறக்கையைப் பார்த்தா கண்டுபிடிச்சுடலாம்: நிஜ வெந்தய வரியனுக்கு நடுவுல மூணு நாலு கறுப்புப் புள்ளி, வேஷக்காரிக்கு ஒண்ணுதான். அதோட புழுவுக்குச் சாப்பாடு பருப்புக்கீரை.

புத்தகத்துல இது 'பாவனை'ன்னு ரெண்டு வரியில வரும், ரெண்டு மார்க் கேள்வி. இவங்க அதைப் புத்தகம் இல்லாம, எருக்குக்கும் பருப்புக்கீரைக்கும் நடுவுல உட்கார்ந்து கண்டுபிடிச்சாங்க. அறிவியலுக்கு இது புதுசு இல்லை, நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அவங்களுக்குப் புதுசு, எனக்கும் புதுசு. அதுவும் ஒரு இஞ்சினியர் மாமா 'இல்லை'ன்னு சொன்னதுக்கு அப்புறமும், நோட்டுல இருக்கற வரியை மாத்தாம வெச்சிருந்தாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

2024 ஜூலையில வாலிபால் கிரவுண்டு மூலையில ஆள்காட்டி நாலு முட்டை வெச்சுது. கூடெல்லாம் கட்டாது அது, வெறும் தரையில சரளைக்கல்லோட கல்லா வெச்சுடும், பக்கத்துல போனாத் தலைக்கு மேல பறந்து கத்தும். பி.டி. சார் ஒண்ணும் பேசலை. சுண்ணாம்பு எடுத்துக்கிட்டு வந்து கோர்ட்டையே பத்தடி தள்ளிப் போட்டார். இந்த மாதிரி ஆளுங்களுக்கு யாரும் ஷீல்டு குடுக்கறதில்லை. குஞ்சு பொரிஞ்சு, பஞ்சு உருண்டைக்குக் கால் முளைச்ச மாதிரி ஓடினதை நோட்டுல ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்காங்க.

ஆகஸ்ட் 13, 2024. ரெண்டு நாள்ல சுதந்திர தினம், சிறப்பு விருந்தினர் மரக்கன்று நடறார். அதுக்கு ஜேசிபி வந்துச்சு. டிரைவர் கேட்டிருக்கார், "இங்க ஒண்ணும் இல்லையே சார்?" தலைமையாசிரியர் சொல்லியிருக்கார், "ஒண்ணும் இல்லப்பா, வெறும் புதர்தான்."

இதைப் பக்கத்துல நின்னு கேட்டது சத்துணவு அக்கா. அந்த நேரம் நூத்தி இருபத்து மூணு வரி எழுதின நோட்டு அவங்க தலைக்கு மேல ஆணியில தொங்குது.

ஒன்றரை மணி நேரம் கூட ஆகலையாம். வேப்பமரம் மட்டும் பாக்கி. குழியை மூடி பேவர் பிளாக், சுவத்தோரம் நெட்டிலிங்கம் முப்பது கன்று. (அதை எல்லாரும் அசோகமரம்னு சொல்லுவாங்க, அது அசோகமரம் இல்லை.) எட்டோ பத்தோ பிழைச்சிருக்கு. ஷீல்டு வாங்கின போட்டோவுல பின்னாடி தெரியறது அதுதான்.

தலைமையாசிரியரை வில்லனாக்கிட்டுப் போறது சுலபம். அவர் நல்ல மனுஷன், எனக்கே பாடம் எடுத்தவர். அவருக்கு இன்ஸ்பெக்ஷன் பயம், பெத்தவங்க பயம். புதர் இருந்தா 'பராமரிப்பு சரியில்லை'ன்னு எழுதுவாங்க, பேவர் பிளாக் போட்டா 'சிறப்பு'ன்னு எழுதுவாங்க. மேல இருந்து வர்ற பார்வையே அப்படித்தான் இருக்கு. மத்திய அரசு 'தரிசு நில வரைபடம்'னு ஒண்ணு போடுது, 2019ல கூட ஒரு பதிப்பு வந்துச்சு. அதுல புதர்க்காடுங்கறதே தரிசு வகையில ஒண்ணு. முள்ளும் புதரும் இருக்கற நிலத்துக்கு அரசாங்கமே 'வீண்'னு பேரு வெச்சா ஒரு ஹெச்.எம். என்ன பண்ணுவார்?

ஆனா சுற்றுச்சூழல் கல்வி இல்லையான்னு கேட்டா, ஏராளமா இருக்கு! எம்.சி. மேத்தா வழக்குல சுற்றுச்சூழலைப் பாடமா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்தது 1991ல. தேசிய பசுமைப்படை வந்தது 2001-02ல. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கண்டது என்ன? ஓசோன் ஓட்டை பத்தி அஞ்சு மார்க் கேள்வி, 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' ஸ்லோகன், ஜூன் 5ஆம் தேதி ஊர்வலம், புலி வேஷம் போட்ட எல்.கே.ஜி. குழந்தை. அமேசான் காடு எரியறது புள்ளைக்குத் தெரியுது. தன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியில மின்கம்பியில தினமும் உட்காரற பனங்காடை தெரியலை.

பனங்காடைன்னு சொன்னதும் இன்னொண்ணு. 'புள்ளைங்க எழுதற லிஸ்ட்டுக்கு என்னப்பா மதிப்பு, விளையாட்டு'ன்னு நண்பர் ஒருத்தர் நக்கல் அடிச்சார். அவருக்காக இந்தப் பத்தி. இந்தியாவுல எந்தப் பறவை குறையுது, எது கூடுதுன்னு 2020லயும் 2023லயும் ரெண்டு பெரிய அறிக்கை வந்துச்சு. 2023 அறிக்கை மூணு கோடி அவதானிப்புகளை வெச்சு எழுதினது, 942 வகைப் பறவைகள். அந்த மூணு கோடியையும் விஞ்ஞானிங்க மட்டும் எழுதலை. முப்பதாயிரம் சாதாரண ஜனங்க ஈபேர்டுல போட்ட லிஸ்ட். காலேஜ் பசங்க, பேங்க் ஆபீசர், ரிட்டயர்டு தாத்தா. எங்க பார்த்தேன், என்னிக்குப் பார்த்தேன், எத்தனை பார்த்தேன், அவ்வளவுதான். பனங்காடை வேகமா குறைஞ்சுக்கிட்டு வருது, அதோட நிலையை உலக அளவுல மறுபரிசீலனை பண்ணணும்னு அந்த அறிக்கை சொல்லுச்சு. நாம எல்லாரும் 'எங்கயும் இருக்கு'ன்னு நினைச்ச பறவை. மயில் தாறுமாறா கூடியிருக்குன்னும் அதே அறிக்கைதான் சொல்லுது.

சிட்டுக்குருவிக் கதை இன்னும் சுவாரஸ்யம். செல்போன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்சுபோச்சுன்னு நாமளே எத்தனை பதிவு எழுதியிருக்கோம்? 2018ல ஷங்கர் 500 கோடி ரூபா லெவல்ல '2.0' படமே எடுத்துட்டார். 2020 அறிக்கை என்ன சொல்லுச்சு? பெரிய நகரங்கள்ல குறைஞ்சிருக்கு, நாடு முழுக்கப் பார்த்தா ஏறக்குறைய நிலையா இருக்கு, டவர் மேல பழி போட ஆதாரம் இல்லை. எழுதி வெச்சவங்க இருந்ததால இந்தப் பதில் கிடைச்சது. எழுதாதவங்ககிட்ட இருந்தது ஃபார்வர்டு மெசேஜ் மட்டும்தான்.

சின்னப் புள்ளை நோட்டுக்கு மதிப்பு இல்லைன்னு சொல்றவங்க சாலிம் அலி கதையையும் படிக்கணும். 1906-07 வாக்குல, பத்து வயசுப் பையனா இருந்தப்ப, வீட்டு லாயத்துல கூடு கட்டின சிட்டுக்குருவியைப் பத்தி ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தார். ஆண் குருவியைச் சுட்டா பெண்குருவி உடனே இன்னொரு ஆணைச் சேர்த்துக்குது, ஏழு நாள்ல எட்டு ஆண் குருவின்னு. (ஆமாங்க, சுட்டுத்தான் பார்த்தார். அந்தக் காலம். நாங்க வெறுங்கண்ணாலதான்.) அறுபது வருஷம் கழிச்சு அந்தக் குறிப்பு பறவை ஆர்வலர் இதழ்ல அச்சாச்சு. நம்ம பக்கம் மா. கிருஷ்ணன், மாதவையாவோட மகன், 1950ல இருந்து 1996ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில இயற்கை பத்தித் தொடர்ந்து எழுதினவர். யானையைப் பத்தி எழுதின அதே மனுஷன் காக்கா, அணில், ஓணான் பத்தியும் அதே மரியாதையோட எழுதினார்.

கேரளாவுல பார்த்தா நமக்குப் பொறாமைதான் வரும். சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் பத்து வருஷத்துக்கு மேல நடக்குது. ஒரு மரத்தைத் தத்தெடுத்துக்கிட்டு வாராவாரம் பூ இருக்கா, காய் இருக்கா, தளிர் இருக்கான்னு எழுதணும். அதுல பெரும்பங்கு கேரளப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான். கொன்றை விஷுவுக்கு முன்னாடியே பூத்துடுதுன்னு பாட்டி சொன்னா புலம்பல், நூறு பள்ளிக்கூடம் தேதியோட சொன்னா அது தகவல். நம்ம ஊர்லயும் 2015ல இருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, நல்ல விஷயம். எத்தனை பள்ளிக்கூடம் கலந்துக்குதுன்னு உங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.

சரி, பாம்பு. இதைத் தொடாமப் போனா பின்னூட்டத்துல கும்மிடுவீங்கன்னு தெரியும்.

பாம்பு விளையாட்டு இல்லை. 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்பு கடிச்சு ஏறக்குறைய 12 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு 2020ல ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு, வருஷத்துக்கு 58,000. இதைத் தெரிஞ்சுக்கிட்டு 'புதர்ல போய் விளையாடுங்க கண்ணுகளா'ன்னு நான் சொல்லுவேனா? எங்க புள்ளைங்களுக்கு இருந்த விதி: செருப்பு இல்லாம வரக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது, பொந்துல கை விடக்கூடாது, எருக்கம்பால் பட்ட கையோட கண்ணைத் தொடக்கூடாது, தனியா வரக்கூடாது. பார்க்கறது எல்லாம் ஓரத்துல நின்னுதான்.

ஆனா ஒண்ணு கேட்கறேன். 2019 நவம்பர்ல வயநாடு சுல்தான் பத்தேரியில ஒரு பத்து வயசுக் குழந்தை பாம்பு கடிச்சு இறந்துபோச்சே, எங்க கடிச்சது? வகுப்பறைக்குள்ள. தரையில இருந்த ஓட்டை வழியா. காலை இழுத்துக்காட்டி 'பாம்பு கடிச்சிருக்கும்'னு சொல்லியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதம் பண்ணினதா நாடே கொந்தளிச்சது. அங்க தப்பு பண்ணினது புதரா? ஓட்டையை அடைக்காத, உடனே வண்டி எடுக்காத பெரியவங்களா? ஜேசிபிக்கு மணிக்கு இவ்வளவுன்னு குடுக்கக் காசு இருக்கு. எலி வராம அரிசி மூட்டையை வைக்கவும், தரை ஓட்டையைப் பூசவும், பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து இருக்குன்னு போர்டுல எழுதிப் போடவும் காசு இல்லை. எங்க நோட்டுல பாம்பு மூணு வகை: சாரை, ஓலைப்பாம்பு, தண்ணிப்பாம்பு. மூணுமே விஷமில்லாதது. நாளைக்கு ஒரு கட்டுவிரியன் வந்தாலும் முதல்ல கண்டுபிடிச்சு ஆபீஸ் ரூமுக்கு ஓடறது இந்தப் புள்ளைங்களாத்தான் இருக்கும். பார்க்கத் தெரிஞ்ச புள்ளை இருக்கற பள்ளிக்கூடத்துல ஆபத்து அதிகமா, குறைச்சலா?

என்னோட ஆளுங்களையும் நாலு திட்டு திட்டிடறேன், இல்லைன்னா தூக்கம் வராது. பெரிய லென்ஸ் அண்ணன்களே, பள்ளிக்கூடத்துக்கு 'விழிப்புணர்வு'க்குக் கூப்பிட்டா ரெண்டு மணி நேரம் உங்க லடாக் போட்டோ காட்டாதீங்க. புள்ளைங்களைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஆப் வெறியர்கள். போன்ல ஒரு கிளிக், பேரு வந்துடும்னு சொல்றவங்க. பள்ளிக்கூடத்துல போன் கொண்டுபோகக்கூடாதுங்கறதுதான் எங்க கூட்டத்துக்குக் கிடைச்ச பெரிய வரம். போன் இருந்திருந்தா அந்த டனாய்ட் எக்ஃபிளைக்கு ரெண்டு நிமிஷத்துல பேரு வந்திருக்கும், மூணு வாரம் எது எங்க முட்டை வைக்குதுன்னு யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டாங்க. பேரு தெரிஞ்சதும் பார்க்கறதை நிறுத்திடறது நம்ம எல்லாருக்குமே இருக்கற வியாதி. பின்னாடி தேவைப்பட்டா ஆப்புல ஏத்திக்கலாம், நானே சனிக்கிழமைல அதைத்தான் பண்ணினேன். 'எங்க ஸ்கூல் 80, உங்க ஸ்கூல் எவ்வளவு?'ன்னு போட்டி வைக்கறவங்களுக்கும் ஒரு கும்பிடு. போட்டின்னு வந்தாச்சுன்னா மறுபடி சீனியர் நோட்டைப் பார்த்து எழுதற கதைதான்.

பொட்டி தட்டறவன் பாஷையிலயே சொல்றேன். சர்வர் ஒண்ணு இருக்கு, லாக் எழுதலை. ஒரு நாள் ராத்திரி எவனோ பாதி ஃபைலை அழிச்சுடறான். காலையில என்ன போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. எதுவும் போகலைன்னுதான் ரிப்போர்ட் போகும். நம்ம ஊர்ல ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் எல்லாம் அப்படித்தான் போகுது. 'ஒண்ணும் இல்லப்பா'ன்னு அவர் சொன்னது பொய் இல்லை. அவரோட எந்த ஃபைல்லயும், எந்தப் பதிவேட்டுலயும் அங்க ஒண்ணும் இல்லை. பெஞ்சு எத்தனை, ஃபேன் எத்தனை, உடைஞ்ச குளோப் எத்தனைன்னு இருப்புப் பதிவேடு இருக்கு. ஆள்காட்டிக்கு இல்லை.

அதனால நான் கேட்கறது ஷீல்டு இல்லை, புதுத் திட்டம் இல்லை, பாடத்துல இன்னொரு அலகு சத்தியமா இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு அஞ்சு சென்ட், மம்பட்டி படாம விடுங்க. விடறதுக்கு நிதி ஒதுக்கீடு கூட வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். அங்க ஒரு நோட்டு தொங்கட்டும். வாரத்துல ஒரு பீரியட், பாதி பீரியட் கூடப் போதும். அதுக்கு மார்க் கூடவே கூடாது. அந்த நோட்டு, பெஞ்சு ஃபேன் பதிவேட்டோட அதே பீரோவுல, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவர் கையெழுத்துப் போடற வரிசையில இருக்கணும். அப்புறம் ஜேசிபி வர்றதுன்னா வரட்டும், முதல்ல அந்த நோட்டைப் படிச்சுட்டு வரட்டும்.

புள்ளைங்க தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, 2024 செப்டம்பர்ல. நான் சொல்லிக் குடுக்கலை, இலக்கணப் புத்தகத்துல இருக்கற விண்ணப்பக் கடித அமைப்புலயே 'பொருள்: பின்பக்கம் மூன்று சென்ட் நிலம் விடக் கோருதல்'னு எழுதியிருக்காங்க. பதில் வரலை. ஷீல்டு வந்துடுச்சு. நோட்டு மட்டும் இன்னும் அதே ஆணியில. ஆகஸ்ட் 14ஆம் தேதி பக்கத்துல ஒரே வரிதான்: 'ஆள்காட்டி 2. தரையில உட்காரலை. கத்திக்கிட்டே சுத்துது.'

நண்பர்களே, பதிவர் பதிவர்னு நமக்கு நாமே பேரு வெச்சிருக்கோம் இல்லையா? நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் என்ன இருந்துச்சுன்னு ஞாபகத்துல இருந்து ஒரு பத்து வரி எழுதுங்க. கொடுக்காப்புளி இலை போட்டு தீப்பெட்டியில பொன்வண்டு வளர்த்த கோஷ்டி, தட்டான் வாலுல நூல் கட்டின கோஷ்டி எல்லாரும் வாங்க. அந்தத் தட்டான்ல ஒரு வகை இந்தியாவுல இருந்து கடல் தாண்டி மாலத்தீவு வழியா ஆப்பிரிக்காவுக்குப் போகுதுன்னு சார்லஸ் ஆண்டர்சன் 2009ல எழுதினப்ப உலகமே வாயைப் பிளந்துச்சு. நாம அதுக்கு நூல் கட்டி விளையாடிக்கிட்டு இருந்தோம். :-)

பி.கு: 'பேர் தெரியலை' லிஸ்ட்டுல பத்து இன்னும் பாக்கி. அதுல ஒண்ணுக்கு மட்டும் உதவி வேணும். மழை பெஞ்ச சாயங்காலம், பாத்திரம் கழுவற தண்ணிக் குழிப் பக்கம் இருந்து சத்தம். மரக்கட்டையை மரக்கட்டையால தட்டற மாதிரி 'டக், டக், டக்', நாலஞ்சு தடவை, அப்புறம் நிறுத்திடும். தவளைதான்னு சத்துணவு அக்கா சொல்றாங்க, யாரும் கண்ணால பார்க்கலை. 2023 அக்டோபர்ல ரெண்டு நாள், நவம்பர்ல அஞ்சு நாள் கேட்டதா எழுதியிருக்கு. குழி இருந்த இடத்துல இப்ப பேவர் பிளாக். உங்க ஊர்ல இந்தச் சத்தம் கேட்டிருந்தா என்னன்னு சொல்லுங்க. நோட்டுல அந்த வரிக்கு எதிர்ல இடம் விட்டு வெச்சிருக்காங்க.